ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வரும் பணம்: எங்கிருந்து, எப்போது, யார் கையெழுத்தில்

அரசுப் பள்ளிக்கு வசதி கேட்டுப் போகிற பெற்றோர் பெரும்பாலும் தவறான அலுவலகத்தில்தான் முதல் மனுவைக் கொடுக்கிறார்கள். மேற்கூரை ஒழுகுகிறது என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுப்பார்கள். கட்டடப் பணம் அவரிடம் கிடையாது. ஆசிரியர் போதவில்லை என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுப்பார்கள். ஆசிரியர் பணியிடம் அவர் கையில் இல்லை. மனு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய் வருவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும்.

பள்ளிகளுக்கு ஒதுக்கப்படும் பணம் போதாது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒதுக்கிய பணமும் பள்ளிக்கு வந்து சேராமல் போகிறதே, அதுதான் இங்கே பேச வேண்டியது. அந்தப் பணம் பல தலைப்புகளில், பல அலுவலகங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய மாதம் வேறு, கேட்கிற முறையும் வேறு. தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றிய, நகராட்சித் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், வார்டு உறுப்பினர்கள், தலைமையாசிரியர்கள் ஆகியோருக்கு நேரடியாகப் பயன்படும்.

முதலில், கட்டடம் யாருடையது

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று பலகையில் இருந்தால் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். அவர்களுடைய சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடம், ஆசிரியர், தேர்வு எல்லாம் கல்வித் துறை. சுவர், கூரை, தரை எல்லாம் ஒன்றியம். இந்தப் பிரிவைப் புரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. பள்ளிக் கட்டடப் பழுதுக்கு ஒன்றியப் பொது நிதியிலிருந்து செலவிட வேண்டுமென்றால் மனு வட்டார ஊராட்சிப் பிரிவுக்குப் போக வேண்டும். கிராம ஊராட்சிப் பணத்தில் பள்ளிக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்க வேண்டுமென்றால் கிராம ஊராட்சிப் பிரிவு. மேசை மாறினால் மனு கோப்பில் சேராது. 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்ற குறிப்போடு தூங்கும்.

நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஊர்களில் சிக்கல் கூடுதல். உயர்நிலைப் பிரிவின் புதிய கட்டடத்தைப் பொதுப்பணித் துறை கட்டும், பெரும்பாலும் நபார்டு கடனுதவியில். பழைய கட்டடங்கள் ஒன்றியத்தின் பதிவேட்டிலேயே நிற்கும். ஒரே வளாகத்துக்குள் ஒரு கட்டடம் ஒன்றியத்துக்கு, இன்னொன்று பொதுப்பணித் துறைக்கு. பொதுக் கழிப்பறையோ சுற்றுச்சுவரோ விழுந்தால் இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். இதற்கு ஒரே மருந்து, ஒன்றிய அலுவலகத்தில் உள்ள சொத்துப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பள்ளியில் வைத்திருப்பதுதான். எந்தக் கட்டடம், எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில் கட்டியது என்பது அதில் இருக்கும். தரம் உயர்த்தும்போதே ஒன்றியம் முறையாக ஒப்படைத்த கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கடிதம் இல்லாமல் தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகள்தான் பிறகு அல்லாடுகின்றன.

பள்ளியின் கைக்கே வரும் பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018-19இல் வந்தது. அதில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கைதான் அளவுகோல். 30 வரை இருந்தால் ரூ.10,000. அதற்கு மேல் 100 வரை ரூ.25,000. 250 வரை ரூ.50,000. 1,000 வரை ரூ.75,000. அதற்கும் மேல் ரூ.1 லட்சம். நூலகத்துக்கும் விளையாட்டுப் பொருட்களுக்கும் தனி மானியங்கள். விளையாட்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைப் பிரிவுக்கு ரூ.10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு ரூ.25,000 வரை.

இந்தப் படிகளைக் கூர்ந்து பாருங்கள். 30 குழந்தைகள் இருக்கும் பள்ளிக்கு ரூ.10,000, 31 இருந்தால் ரூ.25,000. ஒரு குழந்தையால் 15,000 ரூபாய் மாறுகிறது. அதனால் இல்லாத குழந்தையை எழுதுங்கள் என்று சொல்லவில்லை. அது மோசடி, தணிக்கையில் சிக்கும். இருக்கிற குழந்தையைப் பதிய மறப்பதுதான் உண்மையில் நடக்கும் இழப்பு. எண்ணிக்கை யூடைஸ் பதிவிலிருந்து, அதாவது பள்ளிகளின் விவரங்களை ஆண்டுதோறும் இணையத்தில் பதியும் தேசியத் தரவுத் தொகுப்பிலிருந்து, எடுக்கப்படுகிறது. 2022-23 முதல் அந்தப் பதிவு மாணவர்வாரியாக நடக்கிறது. வேறு மாவட்டத்திலிருந்து வந்த செங்கல் சூளைத் தொழிலாளியின் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஆனால் பழைய பள்ளி இணையப் பதிவிலிருந்து விடுவிக்காததால் இங்கே எண்ணிக்கையில் வராது. பழைய பள்ளித் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் பிடித்து விடுவிக்கச் சொல்வது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு மானியம் ஒரு படி கீழே இறங்கும்.

யூடைஸில் இன்னொரு இடத்திலும் கை தவறும். 'கழிப்பறை உள்ளதா, பயன்பாட்டில் உள்ளதா' என்ற கேள்விக்குப் பல பள்ளிகள் கௌரவம் பார்த்து 'ஆம்' என்று போட்டுவிடுகின்றன. ஆண்டு வேலைத்திட்டமும் வரவு செலவுத் திட்டமும் தயாரிக்கும்போது மாவட்ட, மாநில அலுவலகங்கள் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். கழிப்பறை ஓடுகிறது என்று பதிவு சொன்னால் அந்தப் பள்ளி பழுதுப் பட்டியலிலேயே வராது. உடைந்ததை உடைந்தது என்று பதிவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

மானியம் வந்தபின் எதற்குச் செலவிடுவது? நிபந்தனை ஒன்று உண்டு: குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதி, பழுதான சாதனங்களை மாற்றுவது, எழுதுபொருள், மின்சாரம், தண்ணீர், கட்டடத்தின் சிறு பராமரிப்பு ஆகியவற்றுக்கு. 86 குழந்தைகள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். முழு மானியம் ரூ.25,000. தூய்மைக்கான கட்டாயத் தொகை ரூ.2,500, ஆனால் கழிப்பறைத் திரவம், சோப்பு, துடைப்பம், வாளி என்று ஆண்டு முழுவதற்கும் ரூ.3,500 வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். மின்விசிறி, ஸ்விட்ச், ஒயர் வேலைக்கு ரூ.5,000. குழாய், வால்வு, தொட்டி மிதவைக்கு ரூ.4,000. சாக்பீஸ், பதிவேடுகள், தாளுக்கு ரூ.4,500. கரும்பலகைகளுக்கு வண்ணம் ரூ.3,000. முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பான் நிரப்புவதும் ரூ.2,000. சுதந்திர தினம், குடியரசு தினத்துக்கு ரூ.1,000. எதிர்பாராத பழுதுக்கு ரூ.2,000 கையிருப்பு. இதில் வண்ணமும் விழாவும் தள்ளிப்போகலாம். குழாயும் மின்சாரமும் தள்ளிப்போகக் கூடாது.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், முழுத் தொகை ஒரே தவணையில் வரும் என்று நம்பித் திட்டமிட முடியாது. இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் (மத்திய அரசின்) பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை முன்வைத்து 2024-25இல் ஒன்றிய அரசு தன் பங்கை விடுவிக்கவில்லை, ரூ.2,152 கோடி நிலுவை என்று மாநில அரசு கேட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லியிலும் சென்னையிலும் நடக்கும் இந்தச் சண்டையின் விளைவு கடைசியில் ஒரு கிராமத்துப் பள்ளியின் சாக்பீஸ் பெட்டியில்தான் வந்து நிற்கிறது. குழந்தைகளைப் பணயம் வைக்கிற இந்த வழக்கம் யார் செய்தாலும் தவறு. ஆகவே மேலாண்மைக் குழு தீர்மானம் போடும்போதே 'முதல் பாதி வந்தால் இவை, மறு பாதி வந்தால் இவை' என்று இரண்டாகப் பிரித்துப் போட்டுக்கொள்வது நல்லது.

வங்கியில் பணம் இருக்காது, வரம்புதான் இருக்கும்

பழைய நாட்களில் மானியம் பள்ளிக் கணக்கில் வந்து விழும், காசோலை கிழித்துக் கொடுக்கலாம். 2021 ஜூலை முதல் ஒற்றை முகமைக் கணக்கு முறை வந்துவிட்டது. பணம் மாநில முகமையின் ஒரே கணக்கில் இருக்கும். பள்ளியின் கணக்கு சுழிய இருப்புக் கணக்கு. பள்ளிக்குத் தரப்படுவது செலவு வரம்பு, அதாவது இவ்வளவு வரை செலவிடலாம் என்ற அனுமதி மட்டுமே. பாஸ்புக்கில் பூஜ்ஜியம் பார்த்துவிட்டுப் 'பணம் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த பள்ளிகள் உண்டு. பாஸ்புக்கைப் பார்க்கக் கூடாது. பொது நிதி மேலாண்மை இணையதளத்தில் உள்நுழைந்து வரம்பைப் பார்க்க வேண்டும்.

செலவு செய்யும் முறை இப்படி. முதலில் மேலாண்மைக் குழுவில் தீர்மானம். பிறகு பொருள் வாங்கிய கடைக்காரரை இணையதளத்தில் விற்பனையாளராகச் சேர்க்க வேண்டும்: பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு. வங்கி அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரச் சில நாட்கள் ஆகலாம். அடுத்து, பதிவு செய்பவர் என்ற உள்நுழைவில் பில் எண், தேதி, தொகை, எந்த மானியத் தலைப்பு என்பவற்றைப் பதிய வேண்டும். ஒப்புதல் தருபவர் என்ற இன்னொரு உள்நுழைவில் அதை ஏற்க வேண்டும். அதன்பின் பணம் வழங்கும் அறிவுறுத்தலை அச்செடுத்து, தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு வங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். வங்கி அதை ஏற்றினால் கடைக்காரர் கணக்கில் பணம் சேரும்.

இதில் வேலை நின்றுபோகும் இடங்கள் எல்லாம் தெரிந்தவைதான். கடைப் பெயர் 'ஸ்ரீ முருகன் எலக்ட்ரிக்கல்ஸ்' என்று பில்லில் இருக்கும், வங்கிக் கணக்கு உரிமையாளர் பெயரில் இருக்கும்; சரிபார்ப்பு தோற்கும். பில்லில் அச்சான பெயரும் கணக்குப் பெயரும் ஒன்றாக உள்ள கடையிலேயே வாங்குங்கள். வங்கிகள் இணைந்தபின் ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கும். புதிய காசோலையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அச்செடுத்த அறிவுறுத்தலுக்குக் காலாவதி உண்டு. எடுத்த அன்றோ மறுநாளோ வங்கிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நூலக மானியத்தில் பதிய வேண்டியதைப் பள்ளி மானியத்தில் பதிந்துவிட்டால் திருத்துவது பெரும் பாடு. தலைமையாசிரியர் மாறுதலில் போகும்போது கடவுச்சொல்லும் பதிவு செய்த கைபேசி எண்ணும் அவரோடு போய்விடும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக் கொத்துக்கு அடுத்த வரியாக இதைச் சேருங்கள்.

குழுத் தலைவர் கையெழுத்தும் அப்படித்தான். தலைவர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோராக இருக்க வேண்டும். பிள்ளை 5-ஆம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டால் தலைவர் பதவியும் போய்விடும். புதிய தலைவர் பெயரில் தீர்மானம், அடையாள ஆவணங்கள், மாதிரிக் கையெழுத்து எல்லாம் வங்கிக்குப் போய்ச் சேர ஒரு மாதம் ஆகிவிடும். இதை ஜூனிலேயே முடிக்காத பள்ளி, மார்ச் கடைசி வாரத்தில் கையெழுத்து ஒத்துப்போகாமல் வரம்பை இழக்கும். மார்ச் 31க்குப் பின் செலவாகாத வரம்பு பள்ளிக்கு இல்லை. கடைசி வாரத்தில் இணையதளமும் இழுக்கும், வங்கியிலும் நெரிசல். பிப்ரவரி 15க்குள் கடைசி பில்லைப் பதிந்துவிடுவது என்று குழுவில் தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியர் தன் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டு, பிறகு தன் கணக்குக்கே பணத்தை மாற்றிக்கொள்வது நல்லெண்ணத்தில் நடப்பது. தணிக்கையில் அதுதான் முதல் தடை. அவசரமென்றால் கடைக்காரரிடம் கடனாக வாங்கி, பில்லைப் பெற்று, நேராக அவர் கணக்குக்கே அனுப்புவதுதான் பாதுகாப்பு.

கிராம ஊராட்சியிடம் கேட்கும் முறை

கட்டடம் ஒன்றியத்துடையது என்றாலும், தண்ணீர், கழிவுநீர், தூய்மை ஆகியவற்றில் கிராம ஊராட்சிக்குப் பணமும் கடமையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு உள்ளாட்சியின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. 22-ஆம் பிரிவு இன்னும் வலுவானது: மேலாண்மைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் அரசும் உள்ளாட்சியும் வகுக்கும் திட்டங்களுக்கும் தரும் மானியங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைச் செயலியில் பதிவேற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இன்றைக்குப் பெரிய குறை. அதன் நகல் ஊராட்சி அலுவலகத்தில் ஒப்புகையோடு இருந்தால்தான் அந்தச் சட்டப் பிரிவுக்குப் பல் முளைக்கும்.

15-ஆவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனைக்குட்பட்டது: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு; பாதி துப்புரவுக்கு. பள்ளிக் கழிப்பறைக்குக் குழாய் இணைப்பு, கைகழுவும் இடம், மழைநீர் சேகரிப்பு எல்லாம் இந்த வகைக்குப் பொருந்துபவை. மீதி 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம். சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் கூடாது. இதுபோக ஊராட்சியின் கணக்கு எண் 1, அதாவது பொது நிதி. வீட்டு வரி வருவது இதில்தான். மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குமான கணக்கு எண் 2இலிருந்து பள்ளிக்கு எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் கிடைக்கவும் செய்யாது.

நிதி ஆணையப் பணத்தில் ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால் அது கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இருக்க வேண்டும். ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் பதிவாகும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஏறியிருக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் விடுவிக்க முடியாது. அடுத்த ஆண்டுத் திட்டம் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்குகிறது. ஆகவே பள்ளியின் கோரிக்கை செப்டம்பர் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1 அன்று எழுந்து நின்று உரக்கக் கேட்டால் கைத்தட்டல் கிடைக்கும். பணம் அடுத்த ஆண்டுதான்.

தீர்மான வாசகத்தில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் தோற்கின்றன. 'பள்ளிக்கு அடிப்படை வசதிகள் செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது' என்று எழுதினால் எந்தப் பொறியாளரும் அதற்கு மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுத வேண்டும்: 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மாணவியர் கழிப்பறைக்கு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் விநியோகக் குழாயிலிருந்து 40 மீட்டர் தூரத்துக்கு இணைப்பு, 500 லிட்டர் தொட்டி 1, வால்வு 2, பயன்பெறுவோர் 41 மாணவியர்.' இதைப் பார்த்தவுடன் ஓவர்சீயர் தொகை சொல்லிவிடுவார். தொகை இருந்தால்தான் திட்டத்தில் ஏற்ற முடியும்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத காலத்தில் நிதி நின்றுவிடும் என்று சோர்ந்துபோக வேண்டாம். தீர்மானத்துக்கான அதிகாரம் தனி அலுவலரிடம் இருக்கும். ஆனால் அவர் பல ஊராட்சிகளுக்கு ஒரே ஆள். பள்ளியின் மனு ஊராட்சிச் செயலர் மூலமாகவும் ஒன்றிய அலுவலகத்தில் நேரிலும் இரண்டு வழியில் போக வேண்டும்.

நகராட்சியில் கல்வி வரி என்ற தனிப் பை

நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் சொத்து வரிக் கேட்பு அறிவிப்பை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். பொது வரியோடு கல்வி வரி என்று ஒரு பகுதி சேர்ந்திருக்கும். இதன் வேர் 1920-ஆம் ஆண்டின் சென்னை தொடக்கக் கல்விச் சட்டம். நூலக வரி வேறு. அது வரி ரூபாய்க்கு 10 காசு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்விடும். பள்ளி நூலகத்துக்கு அதிலிருந்து எதுவும் வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நகராட்சி ஆணையரிடம் நூலக வரியைக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

நகராட்சிகளும் மாநகராட்சிகளும் கணக்கை மூன்று நிதிகளாக வைத்திருக்கின்றன: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. கல்வி வரி வசூல் மூன்றாவது பைக்குப் போக வேண்டும். நகராட்சிப் பள்ளிகளின் கட்டடம், பராமரிப்பு, வசதிகள் அதிலிருந்து நடக்க வேண்டும். இங்கே இரண்டு கோளாறுகள் நேரும். ஒன்று, வசூலான மொத்த வரியும் முதலில் வருவாய் நிதிக் கணக்கில் விழுந்து, கல்விப் பங்கு பிரித்து மாற்றப்படாமல் தங்கிவிடும். நகராட்சிக்குப் பணமுடை வரும்போது சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அதுவே கரைந்துவிடும். ஐந்தொகையில் (ஆண்டு இறுதி வரவு-கடன் நிலைக் கணக்கில்) மட்டும் 'வருவாய் நிதியிலிருந்து வர வேண்டியது' என்று ஒரு வரி நிற்கும். இன்னொன்று, பணம் முறையாகப் பிரிக்கப்பட்டும் செலவாகாமல் கிடப்பது. பள்ளியிலிருந்து மதிப்பீட்டோடு யாரும் கேட்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். கடந்த 3 ஆண்டுகளுக்கும் கல்வி வரியின் கேட்பு (கட்டச் சொன்ன தொகை), வசூல், நிலுவை எவ்வளவு. தொடக்கக் கல்வி நிதியின் ஆண்டுத் தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் எவ்வளவு. பள்ளிவாரியாகச் செலவு எவ்வளவு. பிற நிதிகளிலிருந்து இந்த நிதிக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு. இந்த நான்கு கேள்விகள் போதும். பதில் 30 நாட்களில் வர வேண்டும். அந்தத் தாளோடு வார்டு உறுப்பினரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதை வைக்கலாம்.

பெரிய வேலைகள்

புதிய வகுப்பறை, சுற்றுச்சுவர், கூரை மாற்றம் போன்றவை மானியத்தில் அடங்காது. மாநில அரசின் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆகியவைதான் வழி. எதுவானாலும் வரிசை ஒன்றே: பொறியாளரின் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம், பில். கையில் மதிப்பீடு இருக்கும் பள்ளிக்குத்தான் ஆண்டு இறுதியில் மிஞ்சும் பணம் போகும். ஆகவே நிதி கிடைக்குமா என்று காத்திராமல் மதிப்பீட்டை முதலில் வாங்கி வையுங்கள். ஒரு வருடம் கழிந்தால் விலை விகிதப் பட்டியல் மாறும். மதிப்பீட்டைத் திருத்தி வாங்க வேண்டும்.

வேலைக்கு ஏற்ற காலம் மே விடுமுறை. அதற்குப் பணி ஆணை ஏப்ரலுக்குள் வர வேண்டும். மழை தொடங்கிய பின் ஆணை வந்தால் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் தேங்கி, பிள்ளைகள் அதன் ஓரமாக நடந்துபோவார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தபின் பழுதான கட்டடங்களை இடிக்கும் வேலை மாநிலம் முழுவதும் வேகமெடுத்தது. இடித்த இடத்தில் மாற்றுக் கட்டடம் வரும்வரை வகுப்புகள் மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் நடந்த பள்ளிகள் உண்டு. இடிக்கும் கோப்பும் கட்டும் கோப்பும் ஒரே நாளில் நகர வேண்டும். ஒன்றை மட்டும் நகர விடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கூரை ஒழுகல்களில் பெரும்பங்கு, மொட்டை மாடியில் இலை அடைத்து மழைநீர் வெளியேறும் குழாய் மூடிக்கொள்வதாலும், தட்டோட்டு இடுக்கில் அரசங்கன்று முளைப்பதாலும் வருகின்றன. செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஓர் ஆளை ஏற்றிச் சுத்தம் செய்து, செடியை வேரோடு எடுத்து, இடுக்கைச் சிமென்ட் பாலால் அடைக்க ஒருநாள் கூலிதான் ஆகும். அந்தப் பில்லைப் பள்ளி மானியத்திலேயே கொடுக்கலாம். விட்டுவிட்டால் மூன்று நான்கு மழையில் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பெயர்ந்து, 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று சிவப்பு மையில் எழுதப்படும் நிலைக்குக் கட்டடம் வந்துவிடும்.

ஒப்பந்த மதிப்பு ரூ.2.5 லட்சத்துக்கு மேல் போனால் பில்லில் 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தம் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம். இவற்றை மதிப்பீட்டில் சேர்க்காமல் விட்டால் கடைசியில் வண்ணப்பூச்சையோ கதவையோ வெட்டித்தான் கணக்கை ஒப்பேற்றுவார்கள்.

ஊர் மக்கள் தரும் பணம்

'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். ரூ.6 லட்சம் மதிப்புள்ள சுற்றுச்சுவருக்கு ரூ.2 லட்சம் திரட்ட வேண்டும். முன்னாள் மாணவர் சங்கம் உயிரோடு இருக்கிற ஊர்களில் இது நடக்கக்கூடியதுதான். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக நிறுவனங்களும் தனிநபர்களும் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். தேவைப் பட்டியலை பள்ளி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். 'கணினி வேண்டும்' என்று பொதுவாகப் போடாமல், மின் இணைப்பும் பூட்டக்கூடிய அறையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் கதவும் பூட்டும் கேட்க வேண்டும்.

நன்கொடையைத் தலைமையாசிரியர் கையில் ரொக்கமாக வாங்கக் கூடாது. பொருளாக வந்தால் அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும்: தேதி, கொடுத்தவர், பொருள், எண்ணிக்கை, தோராய மதிப்பு, வைக்கப்பட்ட இடம். தணிக்கைக்கு வருபவர் ரொக்கப் பதிவேடு, பில் கோப்பு, தீர்மானப் பதிவேடு, இருப்புப் பதிவேடு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பார். தீர்மானம் ஜூலை 12, பில் ஜூலை 5 என்று இருந்தால் தடை எழுதுவார். பில்லில் 6 மின்விசிறி, இருப்பில் 6, சுவரில் 4 என்றால் மற்ற இரண்டும் எங்கே என்று கேட்பார். பழுதாகிக் கழற்றி வைத்திருந்தால் அந்த இரண்டையும் தூக்கி எறியாமல் ஒரு மூலையில் வைத்து, பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் எழுதி, கழிவு நீக்க அனுமதி வாங்கிய பிறகே வெளியேற்ற வேண்டும்.